இந்தப் பெருச்சாளி யாருக்கு?

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். அங்கே நீங்களும் அண்ணனும் சுகம்தானே? பொடியனுக்குச் சளி விட்டதா?

அறை மூன்றாவது மாடியில். ஒரு கட்டில், ஒரு குழாய், தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். வீட்டுக்கார அம்மா கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறார்: சத்தம் கூடாது, விருந்தாளி கூடாது, பிராணிகள் கூடவே கூடாது. மூச்சு விடலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதையும் எழுதி ஒட்டிவிடுவார்.

வேலை பிடித்திருக்கிறது. நீள மேஜையில் வரிசையாக உட்கார்ந்து பல்செட் செய்கிறோம். முகம் தெரியாதவர்களின் வாய் அச்சுகள் பெட்டியில் வந்துகொண்டே இருக்கின்றன. அச்சைப் பார்த்தாலே ஆள் எந்தப் பக்கம் மெல்லுகிறார், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாரா என்றெல்லாம் தெரிந்துவிடும். வாயைத் திறந்து பொய் சொல்லலாம், பல் பொய் சொல்லாது என்கிறார் எங்கள் மேஸ்திரி.

இனி மூக்கன் விஷயம். வேட்டைநாய் வம்சம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருப்பார். வம்சத்துக்குச் சாட்சி கிடையாது, ஆனால் அந்த மூக்கு இருக்கிறதே! கொல்லையில் ஓணான், எலி, பெருச்சாளி, அணில் என்று அசைவதெல்லாம் அவன் கண்ணுக்குக் குற்றவாளிதான். கொல்லைக்குள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். சுவரைத் தாண்டி அணில்காரர் பக்கம் மட்டும் போகவிடாதீர்கள். அந்த மனிதர் ஓய்வு பெற்றதிலிருந்து அணிலுக்குக் கடலை வைப்பதைத்தான் உத்தியோகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணனிடம் போனில் மூக்கனைப் பற்றிக் கேட்டால் "நல்லா இருக்கான்" என்கிறான். உங்களைப் பற்றிக் கேட்டாலும் அதே "நல்லா இருக்கா." அவனை நம்பிப் பிரயோஜனமில்லை. நீங்களே எழுதுங்கள். உள்ளதை உள்ளபடி, எதையும் மறைக்காமல்.

இங்கே என் வேலை ஒப்பந்தம் முடிந்ததும் தனி வீடு பார்த்து என் நாயைக் கூட்டிப்போய்விடுவேன். அதுவரைக்கும்தான் அவன் உங்கள் பொறுப்பு. ஞாபகம் இருக்கட்டும். சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பொடியனுக்கு முத்தம்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 24

அன்பு நாத்தனாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மாடி ஏறி இறங்கி முழங்கால் வலிக்காமல் இருக்கிறதா? இங்கே எல்லோரும் நலம். பொடியனுக்குச் சளி விட்டது, தவழல் தொற்றிக்கொண்டது. தரையில் எது கிடந்தாலும் அவனுக்கு முதலில் வாய், பிறகுதான் கண். உன் அண்ணன் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் என்று காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போனால் சாயங்காலம்தான் வீடு.

உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

நீ போன பிறகு உன் நாய் கேட்டருகே சுருண்டு கிடந்தது. தட்டை வைத்தால் முகர்ந்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கும். எனக்கு மாமியார் இல்லாத குறையை அந்தப் பார்வை தீர்த்து வைத்தது. அப்புறம் பசி ஜெயித்தது. சாப்பிட்டது, எழுந்தது, கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றியது. நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்பார்களே, அது இதைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

போன வாரம் மிஷினில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். பெடல் பக்கத்தில் ஏதோ மெத்தென்று காலில் பட்டது. வெட்டுத்துணி விழுந்திருக்கிறது என்று குனிந்தால் செத்த எலி! எதிரே உன் நாய் உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறது. நான் மிஷின் மேஜைமேல் ஏறி நின்று கத்தியதில் பொடியன் எழுந்துவிட்டான். மறுநாள் ஓணான். பிறகு மறுபடி எலி. பின்வாசல் வழியாக நேரே வருகிறது, என் காலடியில் வைக்கிறது, உட்கார்ந்து பார்க்கிறது. அடுத்தது நீதான் என்று மிரட்டுகிற மாதிரி இருக்கிறது.

உன் அண்ணனிடம் சொன்னேன். "நாய்னா எலி பிடிக்கத்தானே செய்யும், இதுல என்ன அதிசயம்?" என்கிறார். பிடிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? என்னிடம் எதற்குக் கொண்டுவர வேண்டும்? நீ இருந்தபோது இப்படிச் செய்ததுண்டா? நான் இந்த வீட்டுக்கு வந்த நாளாகப் பார்த்ததில்லை. எனக்கென்னவோ இது என்னை விரட்டத்தான் பார்க்கிறது என்று தோன்றுகிறது. விவரம் எழுது.

உன் அண்ணி


மார்ச் 12

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல். முழங்கால் பிரமாதமாக இருக்கிறது. பொடியன் தவழ்கிறான் என்று படித்ததும் பக்கத்து மேஜைக்காரியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

மூக்கன் சாப்பிடுகிறான் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. சில விஷயங்கள் மட்டும் தெரிந்தால் நன்றாக இருக்கும். வைக்கும்போது எலியின் தலை உங்கள் பக்கம் இருந்ததா, வால் உங்கள் பக்கமா? வைத்துவிட்டு உடனே போய்விடுகிறானா, நீங்கள் ஏதாவது செய்கிறவரை காத்திருக்கிறானா? அண்ணன் வீட்டில் இருக்கும்போது அண்ணனிடம் கொண்டு போகிறானா? காதை நிமிர்த்திக்கொண்டு உட்காருகிறானா, மடக்கிக்கொண்டா? சும்மாதான் கேட்கிறேன். நாய் பக்கத்தில் இல்லாதவளுக்கு இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கு.

மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை. நாய் என்றால் ஏதாவது கொண்டு வரும், போடும். நீங்கள் கண்டுகொள்ளாதீர்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், பேசாதீர்கள், குப்பை முறத்தில் வாரிக் கொல்லைக்கோடியில் போட்டுவிடுங்கள். தட்டிக்கொடுக்க மட்டும் கூடவே கூடாது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற ஜாதி அவன். நாலு தடவை முகம் கொடுக்காமல் இருந்தால் தானாக விட்டுவிடுவான்.

இங்கே குளிர் விட்டுவிட்டது. ஒரு பெரியவருக்குச் செய்த மேல்செட் இறுக்கமாக இருக்கிறது என்று திரும்பி வந்திருக்கிறது. அதைத் தேய்த்துக்கொண்டே உங்களை நினைத்துக்கொண்டேன். தலை எந்தப் பக்கம் என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 2

அன்பு நாத்தனாருக்கு,

உன் நலத்தைக் கோருகிறேன். எங்கள் நலத்தைப் பற்றி எழுத வந்தால் அது உன் நாயைப் பற்றி எழுதுவதாகவே முடிகிறது.

நீ சொன்னபடியே செய்தேன். பார்க்கவில்லை, பேசவில்லை, முறத்தில் வாரிக் கோடியில் போட்டேன். விட்டுவிடும் என்றாய். விடவில்லை, கூடிப்போயிற்று. காலையில் எலி வைக்கும். நான் கண்டுகொள்ளாமல் தைத்துக்கொண்டிருந்தால் மத்தியானத்துக்குள் பெருச்சாளி வரும். அதையும் வாரிப் போட்டால் முன்பு போட்ட எலியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து இரண்டையும் சேர்த்து வைக்கும். நேற்று உயிரோடு ஒரு அணில்! வாயிலிருந்து விட்டதும் அது வெட்டுத்துணிக் குவியலுக்குள் ஓடிவிட்டது. நானும் பொடியனும் கட்டில்மேல், உன் நாய் துணிக்குள். தைத்து முடித்த சட்டை ஒன்று பாழ்.

அணில்காரர் சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கத்தினார். "என் கையில வந்து தின்னுட்டுப் போற ஜீவன்மா அது! இன்னொரு தடவை உங்க நாய் இந்தப் பக்கம் வந்தா நான் சும்மா இருக்க மாட்டேன்." உன் அண்ணன் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து, "என்ன பண்றது, நாய்க்குத் தெரியுமா அது அவர் அணில்னு?" என்றார். அவர் எப்போது யார் பக்கம் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

இப்போது உன் கேள்விகளுக்கு வருகிறேன். தலை என் பக்கம். காத்திருக்கிறது. காது நிமிர்ந்திருக்கிறது. உன் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து காபி குடித்தாலும் அவரைத் தாண்டி என்னிடம்தான் வருகிறது.

என் கேள்விக்கு நீ வரவில்லை. நீ இருந்தபோது இப்படிச் செய்ததுண்டா என்று கேட்டிருந்தேன். நீ என்னிடம் இத்தனை விவரம் கேட்டாய், அதை மட்டும் தாண்டிப் போய்விட்டாய். பயந்தேனா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, தலை எந்தப் பக்கம் என்று இரண்டு முறை கேட்டாய். நெருப்பில்லாமல் புகையாது. என்ன விஷயம்?

உன் அண்ணி


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

நீங்கள் கேள்வி கேட்டுவிட்டீர்கள், நானும் ஒன்று கேட்கிறேன். உங்கள் மிஷின் ஹாலில்தானே இருந்தது? மூக்கன் பின்வாசல் வழியாக நேரே பெடலுக்கு வருகிறான் என்று எழுதினீர்கள். அணில் வெட்டுத்துணிக்குள் ஓடியதும் கட்டில்மேல் ஏறியதாக எழுதினீர்கள். ஹாலில் கட்டில் ஏது? பின்வாசல் பக்கம் கட்டிலோடு இருப்பது ஒரே ஒரு அறைதான். அது என் அறை.

நான் பஸ் ஏறுகிறவரை காத்திருந்தீர்களா, டிக்கெட் எடுத்த அன்றே அளந்து பார்த்துவிட்டீர்களா? அண்ணனும் போனில் மூச்சு விடவில்லை. அவனுக்கு என்ன, அவன்தான் 'நல்லா இருக்கா' பேர்வழி ஆயிற்றே.

முதலில் அறை. இப்போது நாய். அணில், சட்டை, அணில்காரர் என்று வரிசையாக எழுதுகிறீர்களே, இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாதா? 'இதை இனி வைத்துக்கொள்ள முடியாது' என்ற வரிக்குத்தான் இந்தப் பீடிகையெல்லாம். அதை எழுதிவிடாதீர்கள். அந்த வீட்டில் எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். மிஷினைத் திரும்ப ஹாலுக்கு மாற்றுங்கள். பிறகு அவன் எங்கே கொண்டுபோய் வைக்கிறான் என்று பார்த்து எழுதுங்கள். காரணம் கேட்காதீர்கள்.

பொடியனுக்கு என் அன்பு.

உங்கள் நாத்தனார்


மே 10

நாத்தனாருக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

ஆமாம், மிஷினை உன் அறைக்கு மாற்றினேன். பொடியன் ஹால் முழுக்கத் தவழ்கிறான், ஊசியும் கத்திரியும் தரையில் விழுகின்றன. கதவு சாத்திக்கொள்ள வேறு அறை இல்லை. உன் அலமாரியை நான் தொடவில்லை. நீ வருவதற்குள் மாற்றிவிடலாம், அதுவரை சொல்வானேன், மனசு கஷ்டப்படுவாளே என்று இருந்துவிட்டேன். அது தப்பு. உன்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

நீ சொன்னபடி மிஷினை ஹாலுக்கு மாற்றினேன். உன் அறை இப்போது காலி. கதவைத் திறந்தே வைத்தேன். மூக்கன் பெருச்சாளியோடு பின்வாசலில் வந்தான், உன் அறை வாசலில் கொஞ்சம் நின்றான், உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு ஹாலுக்கு வந்து என் காலடியில் வைத்தான். மறுநாள் நான் சமையலறையில் இருந்தேன், அங்கே வைத்தான். துணி காயப்போட மாடிக்குப் போனேன், படியேறி வந்து வைத்தான். போதுமா? நீ எதிர்பார்த்தது இதுதானா, இல்லையா? எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நீ எதையும் சொல்வதில்லை.

இனி நான் சொல்வதைக் கேள். நேற்று உலையைப் பார்க்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் பொடியன் தவழ்ந்து வந்து செத்த எலியின் வாலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோய்விட்டான். பிடுங்கினேன், கழுவினேன், டாக்டரிடம் ஓடினேன். ஒன்றும் இல்லை என்றார். சாயங்காலம் வரை அவனை இடுப்பைவிட்டு இறக்கவில்லை.

அணில்காரருக்குத் தெரிந்த ஒருவர் தானியக் கோடவுன் வைத்திருக்கிறார். எலித்தொல்லை தாங்கவில்லையாம், இந்த மாதிரி நாய்தான் வேண்டுமாம். மாதக் கடைசியில் வருகிறார். உன் அண்ணனிடம் கேட்டால் "உங்க ரெண்டு பேர் இஷ்டம்" என்கிறார்.

இதை இனி வைத்துக்கொள்ள முடியாது. நீ பயந்த அந்த வரியை எழுதிவிட்டேன். ஆனால் இது ஏன் நடக்கிறது என்று உனக்குத் தெரியும். எப்படி நிறுத்துவது என்றும் தெரியும். பல்செட் செய்கிறவளுக்கு வாயைத் திறக்கவா சொல்லித்தர வேண்டும்? எழுது. நான் காத்திருக்கிறேன்.

உன் அண்ணி


ஜூன் 6

நாத்தனாருக்கு,

மாதம் முடியும் வரை தபால்காரரை எதிர்பார்த்தேன். உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? உன் அண்ணனிடம் போனில் பேசினாயாம். நாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

கோடவுன்காரர் சொன்ன நாளுக்குச் சில நாள் தள்ளி, நேற்றுதான் கயிற்றோடு வந்தார். மூக்கன் சாப்பிடும் தட்டையும் படுக்கும் சாக்கையும் கழுவி உலர்த்தி எடுத்து வைத்திருந்தேன். பொடியன் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதான். அணில்காரர் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "நல்ல காரியம்மா" என்றார்.

இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


ஜூன் 13

அண்ணிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை. உங்கள் கடிதம் இன்று காலையில்தான் கிடைத்தது. மேஸ்திரியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்து எழுதுகிறேன். துரிதத் தபாலில் போடப்போகிறேன்.

அண்ணி, உடனே போய் அவனைக் கூட்டிவந்துவிடுங்கள். கோடவுன்காரர் கேட்டால் தப்பு எங்கள் பக்கம் என்று சொல்லுங்கள். என் பக்கம்தான்.

மூக்கன் உங்களை மிரட்டவில்லை. பிடித்ததை அவன் ஒரே ஒருவரிடம்தான் கொண்டுபோவான், அதுவும் அவன் தன்னுடையவர் என்று முடிவு செய்துவிட்ட ஆளிடம். முதலில் அது அப்பா. அப்பா கட்டிலோடு ஆன பிறகு ஒருநாள் விடிகாலையில் எலியோடு வந்தவன் அப்பா கட்டிலைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தான். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "சரி, இனிமே உனக்குத்தான் போல" என்று சிரித்தார். எனக்கு அன்றைக்கு ஒரே பெருமை. அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு அப்பா போகிறவரை அவரிடம் ஒரு ஓணான்கூடக் கொண்டுபோகவில்லை. மாறினால் மாறினதுதான்.

நீங்கள் யாரும் எழுவதற்குள் என் அறை வாசலில் வைப்பான். எடுத்துக் கொல்லையில் புதைத்துவிடுவேன். அதனால்தான் நீங்கள் பார்த்ததில்லை.

உங்கள் முதல் கடிதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. மனசு ஒப்பவில்லை. தலை எந்தப் பக்கம், காத்திருக்கிறானா என்றெல்லாம் கேட்டேன். அறைதான் காரணமாக இருக்கும், என் அறையில் நீங்கள் உட்கார்ந்திருப்பதால் எனக்கு வைப்பதை உங்களுக்கு வைக்கிறான் என்று நம்பிப் பார்த்தேன். அதையும் நீங்கள் மாடிப்படி வரை போய் உடைத்துவிட்டீர்கள்.

இன்னும் மோசமான விஷயம் இருக்கிறது. கொண்டுவந்ததை வாங்கிக்கொண்டு தலையில் ஒரு தட்டுத் தட்டி, "நல்ல பையன்" என்றால் போதும். போய்ப் படுத்துவிடுவான், அன்றைக்கு வேறு எதையும் தொடமாட்டான். வாங்கிக்கொள்ளாவிட்டால், கொண்டுவந்தது போதவில்லை என்று நினைத்துக்கொண்டு பெரிதாகத் தேடிப் போவான். தட்டிக்கொடுக்காதீர்கள் என்று நான் எழுதியது தெரிந்தே எழுதியது. நீங்கள் முகம் கொடுக்காவிட்டால் உங்களை விட்டுவிட்டு எனக்காகக் காத்திருப்பான் என்று கணக்குப் போட்டேன். அந்த அணில், அந்தச் சட்டை, பொடியன் வாய்க்குப் போன எலி, எல்லாமே என் கணக்கால் வந்தவை.

மே மாதம் முழுக்க எழுதி எழுதிக் கிழித்தேன். சொன்னால் அவன் உங்கள் நாய். சொல்லாவிட்டால் கோடவுன் நாய். இதில் எது தேவலை என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. அம்மா, அப்பா, வீடு, அறை என்று ஒவ்வொன்றாகப் போனபோது நான் யாரிடமும் சண்டை போடவில்லை. இவனை மட்டும் அப்படி விட்டுக்கொடுக்க முடியவில்லை.

என்னைத் திட்டி எழுதுங்கள். அதற்கு முன்னால் அவனைக் கூட்டிவாருங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 28

அன்பு நாத்தனாருக்கு,

தலைவலி விட்டதா? சாப்பிடுகிறாயா? மூக்கன் என் மிஷினுக்குக் கீழே படுத்துக் குறட்டை விடுகிறான். கூட்டிவர நான் எங்கேயும் போகவில்லை.

என் கடிதம் உன்னிடம் இருந்தால் எடுத்துப் பார். நாயைக் கொடுத்தேன் என்று எங்கே எழுதியிருக்கிறேன்? கோடவுன்காரர் கயிற்றோடு வந்தார் என்று எழுதினேன். கயிற்றோடு வந்தவர் கயிற்றோடு போனார் என்பதை எழுதவில்லை. சொல்லாமல் விடுவது உங்கள் குடும்பத்துக்கு மட்டும்தான் கைவந்த கலையா? நானும் இந்த வீட்டு மருமகள்தான்.

கயிற்றை எடுத்ததும் அத்தனை பெரிய வேட்டைக்காரன் என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டான். முழங்காலுக்குப் பின்னால் அந்த ஈர மூக்கு. "இப்ப வேண்டாங்க, அப்புறம் சொல்றேன்" என்று அவரை அனுப்பிவிட்டேன். அணில்காரர் சொன்ன நல்ல காரியம் வீணாய்ப் போயிற்று. அன்று ராத்திரியே யோசித்தேன். இவள் வாயிலிருந்து உண்மை வர வேண்டுமென்றால் இது ஒன்றுதான் வழி. உன்னை அழவைத்திருப்பேன் என்று தெரியும். அதற்கு வருத்தம் உண்டு. ஆனால் ரொம்ப இல்லை.

உன் கடிதத்தைப் படித்தபோது கோபத்தில் கண்ணே தெரியவில்லை. என் பிள்ளை வாய்க்கு எலி போயிருக்கிறது. உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். "ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பைத்தியமாக்கிடுவீங்க" என்று ரிப்பேர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டில் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போயிற்றோ!

மறுநாள் எலி வந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு முறத்தில் வாங்கினேன். தலையில் தட்டினேன். "நல்ல பையன்" என்றேன், என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. ஒரு தும்மல் தும்மினான், போய்ப் படுத்தான். அவ்வளவுதான். அன்று முழுக்க அணில்கள் சுவர்மேல் திருவிழாக் கூட்டம் போட்டன, இவன் கண்ணைத் திறக்கவில்லை. அணில்காரர் நாய்க்கு நான் மருந்து கொடுத்துவிட்டேனோ என்று சந்தேகப்பட்டு எட்டி எட்டிப் பார்க்கிறார். இப்போதெல்லாம் பொடியன் எழுவதற்குள் வாங்கி, வாரி, புதைத்து, தரையைத் துடைத்துவிடுகிறேன்.

உன்னை மன்னிக்க எனக்கு இன்னும் நாள் வேண்டும். நடுவில் பாதி மன்னித்துவிட்டு, அணில் நினைப்பு வந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டேன். செப்டம்பரில் லீவு கிடைக்கும் என்று உன் அண்ணனிடம் போனில் சொன்னாயாமே, வா. உன் அறையைப் பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். மிஷின் ஹாலிலேயே இருக்கிறது, சுற்றி உன் அண்ணன் பலகை அடைத்துக் கொடுத்துவிட்டார்.

நீ வந்தால் ஒருவேளை உன்னிடமே வந்துவிடுவானோ என்னவோ. நாய் மனசை யார் கண்டார்கள்?

உன் அண்ணி


அக்டோபர் 5

அன்புள்ள அண்ணிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக்கொடுத்ததெல்லாம் பஸ்ஸிலேயே தீர்ந்துவிட்டது. அண்ணன், பொடியன், மூக்கன், எல்லோரும் சுகமா? உங்கள் இடுப்புவலிக்கு நான் சொன்ன மாதிரி நாற்காலியில் ஒரு தலையணை வைத்துக்கொள்கிறீர்களா? வைத்துக்கொள்கிறேன் என்று எழுதினால் நம்பமாட்டேன், அண்ணனைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

லீவில் நடந்த ஒன்றை நேரில் பேச முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

நான் வந்த அன்று மூக்கன் என்மேல் பாய்ந்து, அழுது, முகமெல்லாம் நக்கியது நீங்கள் பார்த்ததுதான். எனக்கு ஆசை வந்துவிட்டது. மறுநாள் காலையில் பின்வாசலில் போய் நின்றேன். பெருச்சாளியைக் கவ்விக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்து வாலை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே என்னைத் தாண்டிச் சமையலறைக்குப் போனான். நான் குழாயைத் திறந்து முகம் கழுவுகிற மாதிரி குனிந்துகொண்டேன். "அங்க போடா, அக்கா நிக்கிறா பாரு, அங்க கொண்டு போ" என்று நீங்கள் உள்ளே அவனிடம் கிசுகிசுத்தது தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

அடுத்த நாள் கதவைத் திறந்தால் என் அறை வாசலில் ஒரு எலி. "அண்ணி, எனக்கு வெச்சிருக்கான், ஓடி வாங்க!" என்று கத்தினேன். "நான்தான் சொன்னேனே!" என்று நீங்கள் சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தீர்கள். ஓடி வரவில்லை. தினமும் எலியை எட்ட நின்று பார்த்து முகம் சுளிக்கிறவர், அன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது.

குனிந்து கடியைப் பார்த்தேன். மூக்கனுக்கு மேல்வரிசையில் ஒரு கோரைப்பல் முனை உடைந்தது. அந்தத் தடம் இருந்தது. கொன்றது அவன்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எலிக்குக் கீழே நாலாக மடித்த செய்தித்தாள் இருந்தது, அண்ணி. ஓரங்கள்கூட நேராக இருந்தன. எந்த நாய் தரை அழுக்காகுமே என்று காகிதம் விரித்து எலி வைக்கும்?

பல்லியைக் கண்டால் நாற்காலியில் ஏறுகிறவர் நீங்கள். முறத்தில் வாங்கும்போதே இன்னும் ஒரு கண்ணை மூடிக்கொள்கிறவர். வாலைப் பிடித்துத் தூக்கினீர்களா, துணியைச் சுற்றிக்கொண்டா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன். இந்தத் தடவை நீங்கள் சொல்ல வேண்டாம்.

மூக்கன் உங்கள் நாய். ஒப்பந்தம் முடிந்து வந்தாலும் நான் கூட்டிப்போகப் போவதில்லை. வந்து பார்த்துவிட்டுப் போவேன். இதை அழாமல் எழுதிவிட்டேன், எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

அந்த எலியைக் காகிதத்தோடு எடுத்துப்போய் நானே கொல்லையில் புதைத்தேன். திரும்பி வந்தபோது நீங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றீர்கள். கொண்டுவந்து வைத்தவர் தலையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும் என்று உங்களுக்கு எழுதிக் கொடுத்தவளே நான்தான். எனக்குத்தான் கை வரவில்லை. சும்மா நின்றுவிட்டுப் போய்விட்டேன்.

வாங்கிக்கொண்டேன், அண்ணி.

உங்கள் நாத்தனார்